உம்மாவை உட்கார வைத்துவிடாதீர்கள்
(பொன்விழா மகளிர் அமர்வில் மகளிர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, இந்தச் சங்கத்தின் ஐம்பது ஆண்டுச் சுமையில் பாதியைச் சமையற்கட்டில் நின்றே சுமந்த தாய்மார்களே, சகோதரிகளே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே!

மகளிர் பிரிவுக்கு இன்று கொடுத்திருக்கும் தலைப்பு "பெண்களும் எலும்பு நலமும்". நாங்கள் மருத்துவர்கள் அல்ல. ஆனால் ஒரு பெரியவருக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். அதன் பிறகு மருத்துவர்களிடமும் உடற்பயிற்சி சிகிச்சையாளர்களிடமும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நம் சங்கத்தின் நோன்புக் கஞ்சியை நினைத்தால் நம்மில் பலருக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும். பெயர் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை பெரிய தேக்சாவை அடிப்பிடிக்காமல் கிண்டும் வித்தை அவருக்குத்தான் தெரியும். ஒருமுறை மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். வாசல்படியில் தடுக்கிக் கையை ஊன்றியதாகச் சொன்னார். "வயசாச்சுல்ல" என்றோம். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு ஏன் உடைந்தது என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஃபஜ்ருக்கு ஒளு செய்யப் போன இடத்தில், ஈரத் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் நாங்கள் எல்லோரும் போனோம், ஆளுக்கொரு தூக்கில் ஆட்டுக்கால் சூப்போடு. பிள்ளைகளும் மருமக்களும் தங்கமானவர்கள். ஒரு குறை வைக்கவில்லை. தண்ணீர் கேட்டால் தண்ணீர், மருந்து கேட்டால் மருந்து. "நீங்க உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். அவர் மட்டும் எங்களிடம், "என்னைக் கொஞ்சம் நிக்க விடச் சொல்லுங்கடி" என்பார். நாங்கள் சிரித்துவிட்டு, அவரை இன்னும் வசதியாகச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு வருவோம். மாதங்கள் போகப் போக, நிற்க விட்டாலும் நிற்க முடியாத நிலை வந்தது. மறு நோன்புக்கு முன்பே இறைவனிடம் சேர்ந்துவிட்டார். அல்லாஹ் அவருக்குச் சுவனத்தைத் தருவானாக.

அவருடைய ஆயுள் இறைவன் வகுத்தது. நாங்கள் செய்த பிழை எங்களுடையது. அன்பினாலே ஒரு மனுஷியை நாற்காலியில் கட்டிப்போட்டோம். இன்றைய உரையின் சாரம் அதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "எலும்புத் தேய்மானம்" என்று நாம் இரண்டு நோய்களைச் சேர்த்துச் சொல்கிறோம். முழங்கால் வலித்து, படியேற முடியாமல், தொழுகையில் உட்கார முடியாமல் இருப்பது மூட்டுத் தேய்மானம். நாம் இன்று பேசுவது எலும்பு மெலிவு, மருத்துவர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள். மூட்டுத் தேய்மானம் வலித்துக் காட்டிக் கொடுக்கும். எலும்பு மெலிவு உடையும்வரை வாயே திறக்காது. கறையான் அரித்த நிலைபோல வெளியே பார்க்க உறுதியாகத்தான் இருக்கும்.

எலும்பு உயிருள்ள பொருள். பழையதைக் கரைக்கும் வேலையும் புதியதைக் கட்டும் வேலையும் உள்ளே ஓயாமல் நடக்கின்றன. சுமார் முப்பது வயதுவரை கட்டுவது மிஞ்சும், பிறகு மெல்லக் கரைவது மிஞ்சும். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைய, அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கரைவது வேகமெடுக்கும். உலக அளவில் 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கு இந்த மெலிவினால் எலும்பு முறிவு வரும் என்கிறது பன்னாட்டு ஆஸ்டியோபோரோசிஸ் அறக்கட்டளை. மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு ஆகிய மூன்றும் அது முதலில் தேடும் இடங்கள். இடுப்பு முறிந்த முதியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது பல நாடுகளின் அனுபவம்.

நமக்கு ஆபத்து உண்டா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மலேசியா உள்ளிட்ட எட்டு ஆசிய நாடுகளின் பெண்களை ஆராய்ந்து 2001இல் வெளியான கணக்கு அது. மாதவிடாய் நின்ற சகோதரிகள் உங்கள் வயதிலிருந்து எடையைக் கிலோவில் கழியுங்கள். மிச்சம் 20க்கு மேல் இருந்தால் ஆபத்து அதிகம். 5க்கும் 20க்கும் நடுவே என்றால் நடுத்தரம். 5க்குக் கீழே என்றால் குறைவு. வயது 70, எடை 48 என்றால் மிச்சம் 22. அவர் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்த்து, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று கேட்க வேண்டும். அந்த அளவு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்பு மெலிவு என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறை.

இந்தக் கணக்கில் தேறிவிட்டோம் என்று பருத்த உடம்புள்ள நாம் மகிழ்ந்துவிட வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஸ்கேனில் அடர்த்தி நன்றாகத் தெரிந்தாலும் எலும்பு எளிதில் உடையலாம். நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு எது? ஐம்பதுக்கு மேல் ஒருமுறை சின்ன விழுகையில் எலும்பு உடைந்திருந்தால் கணக்கே வேண்டாம், அதுவே எச்சரிக்கை மணி. நாங்கள் கேட்கத் தவறிய மணி அதுதான்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். அந்த ஆட்டுக்கால் சூப்பிலிருந்தே தொடங்குகிறோம். எலும்புக்கு எலும்பு சூப் என்பது நம் நம்பிக்கை. ஜோகூரில் சூப் துலாங் கடைகளுக்கும் குறைவில்லை. ஆனால் எலும்பை எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், தண்ணீரில் மிகக் கொஞ்சமே இறங்கும். ஒரு குவளைப் பாலில் இருப்பதற்கு ஒரு கோப்பை சூப் பக்கத்தில்கூட வராது. ருசிக்குக் குடியுங்கள், மருந்தென்று குடிக்காதீர்கள்.

நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி, ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். இளையவர்களுக்கு 1000. நாம் உண்பது அதில் பாதியைத் தொட்டால் பெரிது. காலையில் ரொட்டி சானாய், தே தாரிக், மதியம் சோறு, மீன் குழம்பு, இரவில் மீந்தது. இதில் கால்சியம் எங்கே இருக்கிறது? தே தாரிக்கில் பால் இருக்கிறதே என்பீர்கள். பல கடைகளில் ஊற்றுவது இனிப்புக் கிரீமர். அதில் சர்க்கரையும் பாமாயிலும்தான் தூக்கல்.

பால் உண்மையிலேயே உதவுமா? இந்த நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 55 முதல் 65 வயதுள்ள மலேசியச் சீனப் பெண்கள் 200 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினருக்குக் கால்சியம் சேர்த்த கொழுப்பு நீக்கிய பால் மாவை நாளுக்கு இரண்டு குவளையாகக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். மறு பாதியினர் வழக்கமான உணவையே உண்டனர். இரண்டு ஆண்டு கழித்து அளந்தபோது, பால் குடிக்காதவர்கள் இடுப்பெலும்பில் சுமார் 2 சதவிகிதத்தை இழந்திருந்தார்கள். குடித்தவர்கள் இழந்தது சுமார் அரை சதவிகிதம். 2003இல் வெளியான ஆய்வு இது. அந்த மாவு மாயம் எதுவும் செய்யவில்லை. கரைவதை நன்றாக மட்டுப்படுத்தியது, அவ்வளவுதான். ஆனால் ஐம்பத்தைந்து வயதில் மட்டுப்பட்டது எழுபத்தைந்தில் ஒரு முறிவைத் தடுக்கலாம்.

ஒரு குவளைப் பாலிலோ அதே அளவு தயிரிலோ சுமார் 300 மில்லிகிராம் கிடைக்கும். பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். நம் பாட்டிமார் உண்ட கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350. அதை ஏழைச் சாப்பாடு என்று கடையநல்லூரிலும் தென்காசியிலும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தோம். இப்போது இங்கே இந்தியக் கடைகளில் விலை கொடுத்து வாங்குகிறோம். முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் எள்ளும் கால்சியம் நிறைந்தவை. எள்ளுத் துவையல் ஒரு கரண்டி தோசைக்குத் தொட்டுக்கொண்டால் போதும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும், முள் மெத்தென்று வெந்திருக்கும் டின் மத்தியும் நல்லவை. முள்ளை எடுத்து ஒதுக்கி வைத்தால் சத்தையும் ஒதுக்கினோம் என்று பொருள். நெத்திலிக் கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பைப் போக்குங்கள், ஏனெனில் உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடவே போய்விடும்.

கீரையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நூற்றில் ஐந்து பங்குதான் உடம்பில் சேரும். பாலில் கால் பங்குக்கு மேல் சேரும். சாவி எனப்படும் கடுகுக்கீரையும் கைலானும் பசலையைவிட எவ்வளவோ மேல். இவற்றோடு புரதத்தை மறக்காதீர்கள். முட்டை, பருப்பு, மீன், சோயாக்கட்டி, தெம்பே ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். பிள்ளைகளுக்குக் கறியை எடுத்து வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளும் தாய்மார்களே, உங்களைத்தான் சொல்கிறோம்!

மாத்திரை தேவைப்பட்டால் ஒரே வேளையில் மொத்தமாக விழுங்க வேண்டாம். ஒரு நேரத்தில் 500 மில்லிகிராம் அளவுக்குத்தான் உடம்பு நன்றாக ஏற்கும். சிறுநீரகக் கோளாறு, கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதைத் தருவது வெயில். ஆண்டு முழுதும் வெயிலடிக்கும் நாட்டில் அதற்கென்ன பஞ்சம் என்று நினைப்போம். 2004இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வு மாதவிடாய் நின்ற மலாய்ப் பெண்களையும் சீனப் பெண்களையும் ஒப்பிட்டபோது, மலாய்ப் பெண்களிடம் வைட்டமின் டி தெளிவாகக் குறைந்திருந்தது. உடலை மறைக்கும் ஆடையும் தோலின் நிறமும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இரண்டும் நமக்கும் பொருந்தும். ஆடையைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. வழி எளிது. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடம், பிறர் பார்வை படாத மாடம் எதுவானாலும் சரி, கையை முழங்கைவரை மடித்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். சூரியனே ஏழு மணிக்கு எழும் நம் ஊரில் ஏழரை மணி வெயில் இதற்குப் பயன்படாது, பத்து மணியை ஒட்டியாவது வேண்டும். வெளியே போக முடியாதவர்களுக்கு மாத்திரை இருக்கிறது. 65 வரை நாளுக்கு 600 அலகு, அதற்கு மேல் 800 அலகு என்பது நாட்டுப் பரிந்துரை.

இப்போது உரையின் உயிர்நிலைக்கு வருகிறோம். எலும்புக்கு வேலை கொடுத்தால்தான் எலும்பு இருக்கும். தசை இழுக்கும்போதும் பாரம் ஏறும்போதும்தான் "இங்கே ஆள் தேவை" என்ற செய்தி எலும்புக்குப் போகிறது. நம் உம்மாமார் உலக்கை பிடித்தார்கள், அம்மி அரைத்தார்கள், குடம் சுமந்தார்கள். அந்தக் கஷ்டம் திரும்பி வர வேண்டாம். ஆனால் அது செய்த வேலையை வேறு எதுவாவது செய்ய வேண்டும் அல்லவா?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள், 2018இல் வெளியானது. சராசரி வயது 65. ஒரு பகுதியினர் வாரம் இரண்டு முறை, முறைக்கு அரைமணி நேரம், பயிற்சியாளர் கண்காணிக்கப் பாரம் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவிகிதம் கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.2 சதவிகிதம் குறைந்தது. அறுபத்தைந்து வயதுப் பெண்மணி பாரம் தூக்கினால் முதுகு உடையும் என்று நினைத்திருந்தோம். முறையாகத் தூக்கினால் முதுகு பலப்படும் என்று காட்டிவிட்டார்கள். ஆனால் "கண்காணிக்க" என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அரிசி மூட்டையைத் தூக்காதீர்கள்!

வீட்டில் தொடங்கக்கூடியவை இவை. உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கூடுமானவரை கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், பத்து முறை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். அதே மேடையைப் பிடித்து ஒற்றைக் காலில் பத்து விநாடி நில்லுங்கள். இது சமநிலைக்கு. சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஆளுக்கு இரண்டாகக் கையிலெடுத்து உயர்த்துங்கள். இவற்றோடு நடை. டாங்கா பே கரையிலோ ஹூத்தான் பண்டாரிலோ உங்கள் தாமான் சாலையிலோ, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி. நடை மட்டும் போதாது, ஆனால் நடை இல்லாமலும் முடியாது.

எலும்பு மெலிந்தவர்கள் தவிர்க்க வேண்டியதும் உண்டு. முதுகை வளைத்துக் குனிவதும், குனிந்தபடி திரும்புவதும், அப்படியே பாரம் எடுப்பதும் ஆகாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எலும்பு மெலிந்த 59 பெண்களை ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட முடிவு இது: முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவிகிதத்தினருக்கும், முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவிகிதத்தினருக்கும் முதுகெலும்பில் புதிய நசுங்கல்கள் தெரிந்தன. கீழே கிடப்பதை எடுக்க முழங்காலை மடக்குங்கள், முதுகை வளைக்காதீர்கள்.

"அப்படியானால் ருகூவும் ஸுஜூதும்?" என்று எங்களிடம் பலர் கேட்டார்கள். முதுகெலும்பு முறிந்தவர்களும் மருத்துவர் தடுத்தவர்களும் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். அது மார்க்கம் தந்த சலுகை, வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் முடிந்தவர் அவசரப்பட்டு நாற்காலி தேட வேண்டாம். ஐவேளையும் எழுந்து நிற்கும் பழக்கம் காலை உறுதியாக வைத்திருக்கும். ஐயமிருந்தால் மருத்துவரையும் ஆலிமையும் சேர்த்துக் கேளுங்கள்.

மருந்து பற்றிச் சுருக்கமாகச் சில. எலும்பு மெலிவு உறுதியானால் சாப்பாடும் பயிற்சியும் மட்டும் போதாது, மருந்தும் வேண்டியிருக்கலாம். வாரம் ஒருமுறை எடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு குவளை வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் எதுவும் உண்ணாமலும் இருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் அந்த ஒரு நாள் மட்டும் ஸஹர் உணவுக்கு அரைமணிக்கு முன்பே எழுந்துகொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி உள்ளவர்கள் தவணை தவறவே கூடாது. தவறினால் எலும்பு சட்டென்று கரைந்து முதுகெலும்பு முறியலாம். ஊருக்குப் போய் மூன்று மாதம் தங்குவதானாலும், உம்ராவுக்குப் போவதானாலும் முதலில் ஊசித் தேதியைப் பாருங்கள்.

மூட்டுவலிக்கென்று பசார் மாலாமில் விற்கும் ஜாமுவும் "ஒரே வாரத்தில் குணம்" மாத்திரையும் வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட சிலவற்றில் டெக்ஸாமெத்தாசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி போனதுபோல் இருக்கும், எலும்பு உள்ளே கரையும். பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிரும் முத்திரையும் இல்லாததை வாங்காதீர்கள்.

கடைசியாக வீடு. இடுப்பு முறிவுகளில் பத்தில் ஒன்பது விழுவதனால் வருபவை. மகன்களே, இது உங்கள் வேலை. ஒளு செய்யும் இடத்தில் வழுக்காத விரிப்பும் சுவரில் கைப்பிடியும் பொருத்துங்கள். கழிவறை வழியில் இரவு விளக்கு எரியட்டும். நழுவும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். தரையைத் தொட்டுத் தடுக்கும் தொழுகை அங்கியைச் சற்று மடித்துத் தைத்துக் கொடுங்கள். கண்புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஃபஜ்ருக்கு எழுந்தவுடன் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலை தெளிந்த பிறகு நிற்கச் சொல்லுங்கள்.

சகோதரிகளே, அந்தப் பெரியவர் போன பிறகு எங்களில் இன்னொருவருக்கு எலும்பு மெலிவு இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. வயது அறுபத்தெட்டு. முதல் நாள் அழுதார். அவருடைய பிள்ளைகளும் நாற்காலியோடுதான் வந்தார்கள். இந்த முறை நாங்கள் விடவில்லை. மருந்து ஒரு பக்கம், கேழ்வரகும் தயிரும் ஒரு பக்கம், உடற்பயிற்சி சிகிச்சையாளர் சொல்லிக்கொடுத்தது ஒரு பக்கம். நாங்கள் முறை வைத்து அவரோடு நடந்தோம். கடந்த நோன்பில் தேக்சாவுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். தூக்க விடவில்லை, இறக்க விடவில்லை. ஆனால் அகப்பை அவர் கையில் இருந்தது.

உம்மா என்று அழைத்தாலும் அம்மா என்று அழைத்தாலும், அவரை உட்கார வைப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தோம். பக்கத்தில் நின்று, தேவைப்படும்போது கை கொடுத்து, அவரை நிற்க விடுவது அதைவிடப் பெரிய மரியாதை. இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று செய்யுங்கள். உம்மாவின் வயதிலிருந்து எடையைக் கழித்துப் பாருங்கள். ஒளு செய்யும் இடத்தின் தரையைப் பாருங்கள். மாலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்து வாருங்கள்.

நம் தாய்மார்களின் எலும்பையும் நம் உறவையும் அல்லாஹ் உறுதியாக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.